செண்பகம் என்று ஒரு பேர்

ஒரு கணினிக்குள், எட்டாயிரத்து எண்பதாம் கதவுக்குப் பின்னால் ஒரு குட்டி சர்வர் குடியிருந்தது. பிரவுசர் அதை எப்போதும் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடும். ஒருதரமாவது பேர் சொல்லிக் கூப்பிடாதா என்று சர்வர் கனாக் கண்டபடி கிடந்தது.

ஒருநாள் அது, அந்தக் கணினிக்குள் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று குறித்து வைக்கும் பெயரேட்டிடம் போனது. "அண்ணே, என்னைச் செண்பகம்னு எழுதிக்கிறீங்களா? கதவு எண்ணையும் சேர்த்து எழுதுங்க."

"பேரும் வீட்டு விலாசமும் எழுதுவேன் தங்கச்சி. கதவு எண் எழுத எங்கிட்ட இடம் கிடையாது," என்று சொல்லிப் பேரை எழுதிக்கொண்டது ஏடு.

மறுநாள் பிரவுசர், "செண்பகம்!" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தது. வெறும் பேரைச் சொன்னால் எண்பதாம் கதவைத் தட்டுவதுதான் அதன் பிறவிப் பழக்கம். அந்தக் கதவுக்குப் பின்னால் யாரும் இல்லை. பிரவுசர் திரும்பிப் போய்விட்டது.

தன் பேர் தேய்ந்து தேய்ந்து தூரத்தில் கரைவதைக் கேட்ட சர்வர், அன்றே மூட்டை முடிச்சோடு எண்பதாம் கதவுக்குக் குடிபோனது.

பிரவுசர் மறுபடி வந்து தட்டியது. "செண்பகம்!"

கதவு திறந்தது. "ஊரெல்லாம் என் பேர் தெரியுமாங்க?"

"இந்தக் கணினியைத் தாண்டினா ஒருத்தருக்கும் தெரியாதும்மா."

சர்வர், "இன்னொருதரம் கூப்பிடுங்க," என்றது.