பஞ்சாலை எரிந்த நாள்

ஊர் அருங்காட்சியகம் இணையத்தில் நடத்தும் வரலாற்று உரைகள், கேட்பவரின் மனதுக்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்ளும். அது எல்லோருக்கும் தெரியும். யாரும் பெரிதாக நினைப்பதில்லை. பழைய பஞ்சாலை எரிந்த நாளைப் பற்றிய உரையைச் செண்பகம் அடுக்களையிலும், அவள் கணவன் நெல்லையப்பன் கூடத்திலும் கேட்டார்கள். அவளுடைய கொள்ளுத்தாத்தா அங்கே கூலித் தொழிலாளி; அவனுடைய கொள்ளுத்தாத்தா மேலாளர்.

"பாவம், பூட்டுன கதவுக்குள்ள வெந்து செத்திருக்காங்க," என்றாள் செண்பகம், சோறு போட்டபடி.

"தீ வச்சதே அவங்கதானே? இப்பதான் கேட்டேன்."

"நானும் அதே பேச்சத்தாங்க கேட்டேன். கதவப் பூட்டுனது உங்க ஆளுங்க."

வார்த்தை தடித்தது. சோறு ஆறியது. கடைசியில் போனை நடுவில் வைத்து இருவரும் சேர்ந்து கேட்டார்கள். பேச்சாளர் ஆலையின் புகைபோக்கி உயரத்தையும், செங்கல் எந்தச் சூளையிலிருந்து வந்தது என்பதையும் இனிமையாகச் சொல்லி முடித்தார். தீயைப் பற்றிப் பேச்சே இல்லை.

நெல்லையப்பன் திகைத்துப்போய் மனைவியைப் பார்த்தான். செண்பகம் போனை அணைத்துவிட்டு, அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"நீங்க கேட்டத மொதல்லருந்து சொல்லுங்க. எனக்குக் கோவம் வரும். வந்தா வரட்டும்."