ரேடியேட்டருக்கும் ஒரு ஜெபம்

பாலைவனச் சாலையோரம் லாரி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை மணலும் வெயிலும்தான். மிச்சமிருப்பது ஒரே ஒரு கேன் தண்ணீர். கொதித்துப்போன இன்ஜினின் ஆவி அடங்கியதும் டிரைவர் ரேடியேட்டர் மூடியைத் திருகி எடுத்துக் கேனைத் தூக்குகிறார். பக்கத்தில் அவர் மனைவி முக்காடு போட்டுக் கண்ணை மூடுகிறாள். ஒரு மடக்குத் தண்ணீரைக்கூட ஸ்தோத்திரம் சொல்லாமல் வாயில் வைக்காதவள். அவருக்கு ஜெபமெல்லாம் ஒத்துவராது.

"வண்டிக்குமா ஜெபம்?"

"அதுவும் தாகமாத்தானே நிக்குது? இம்புட்டு தூரம் கூட்டிட்டு வந்தவர் நடுவழியில விட்டுருவாரா? ஊத்துங்க."

களக் களக்கென்று கேன் காலியாகிறது. குடித்தது வண்டி, நெஞ்சு குளிர்வது என்னவோ அவருக்கு. இருவரும் ஏறி உட்காருகிறார்கள். சாவியில் வைத்த கை அப்படியே நிற்கிறது.

"என்னங்க, கிளப்பலையா?"

"நீ இன்னும் ஆமென் சொல்லலையே."