இருமுறை துடைத்த இடம்

“ஜெபராஜ் அண்ணா, பில்டை நிறுத்துங்க!”

அவள் கத்திக்கொண்டே ஓடினாள். நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது.

ஜெபராஜ் பதறிப் பொத்தானை அழுத்தினார். எல்லாரும் எழுதியதை ஒரே மென்பொருளாகக் கோக்கும் பில்ட் அது; திரையில் ஓடிக்கொண்டிருந்த எழுத்துகள் நின்றன.

“என்னம்மா இது? கடைசியா ஒருதரம் பாருன்னுதானே சொன்னேன். உன் பக்கத்து சீட்டுக்காரன் புரோகிராம்ல ஒரு வரியை எடுத்திருக்கான். வெறும் க்ளீனப். அதுக்கா இந்தக் கூச்சல்?”

ஒரே ஒரு வரிதான்.

ஆஸ்பத்திரிகளில் நரம்பு வழியே மருந்து ஏற்றும் கருவி. அதன் இயங்குதளம் இங்கேதான் தயாராகிறது. ஒரு நோயாளிக்கு மருந்து ஏற்றி முடிந்ததும், அவர் விவரம் இருந்த நினைவகத்தைத் துடைக்க வேண்டும். ஓட்டலில் ஒருவர் எழுந்ததும் மேசையைத் துடைப்பதுபோல.

இங்கே இரண்டு முறை துடைத்தார்கள். எழுந்ததும் ஒன்று. அடுத்தவர் உட்காரும்போது ஒன்று.

உட்காரும்போது துடைப்பதை அவன் நீக்கியிருந்தான். ‘எழுந்ததுமே துடைத்துவிடுகிறோம், இது வீண்’ என்று குறிப்பு.

சரியான குறிப்பு.

எழுந்ததும் துடைப்பதை அவள் நீக்கியிருந்தாள். ‘உட்காரும்போது எப்படியும் துடைக்கிறோம்.’

அதுவும் சரிதான்.

இரண்டும் ஒரே பில்டில்.

இது வெளியே போனால் யாருடைய மருந்தளவோ யாருடைய உடம்பிலோ ஏறும்.

ஜெபராஜுக்கு வியர்த்துவிட்டது.

“நீ எழுதினா அவன் பார்ப்பான், அவன் எழுதினா நீ பார்ப்பே. அதுதானே வழக்கம்? இந்தத் தடவை ரெண்டு பேருமே ஏன் வேற ஆள்கிட்ட அனுப்பினீங்க?”

அவள் நின்றுபோன திரையைப் பார்த்தாள்.

“சரி விடு. ஆஸ்பத்திரிக்காரன் போன்மேல போன் போடறான். யார் வரியைத் திரும்பப் போடறதுன்னு போய்ப் பேசி முடிவு பண்ணுங்க. மெயில் வேணாம் தாயே. வாயால!”

அவன் இருக்கை அவளுடையதற்கு அடுத்ததுதான். காதில் ஹெட்போன். முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான்.

பக்கத்தில் போய் நின்றாள்.

அவன் திரும்பவில்லை. விசைப்பலகை மேலிருந்த விரல்கள் மட்டும் நின்றன.

எப்படி ஆரம்பிப்பது?

 

காலையில் கணவனும் மனைவியும் ஒரே ஸ்கூட்டரில்தான் வந்தார்கள்.

நடுவில் அவளுடைய லேப்டாப் பை.