மலை வழியாக வந்த பேச்சு

அந்த நகரத்துக்கு வரும் ஒவ்வொரு பேச்சும் கடல் கேபிளிலும் மலைக் கேபிளிலுமாக இரண்டு முறை வந்தது. முந்தி வருவது காதுக்குப் போகும். பிந்தி வருவதை இயந்திரம் அழித்துவிடும். எப்போதும் கடலே முந்தியது. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த ரெஜினாளிடம் அவள் கணவன் சவேரி, "இனிமே நான் அங்க வரல, ரெஜி" என்று சொல்லி முடித்தபோது கடல் கேபிள் அறுந்தது. உடனே மலை வழி திறந்துகொண்டது. அதே குரல், "வெள்ளிக்கிழமை வரேன், நண்டு வாங்கி வை" என்றது. அவள் ரிசீவரை அடுத்த காதுக்கு மாற்றினாள். அவன் எதற்கோ சிரித்தான். அவன் சிரித்து அவள் கேட்டதே இல்லை.

"மேடம், கடல் லைன் சரியாயிடுச்சு. மாத்திடட்டா?" என்றார் பக்கத்து மேசை லயனல்.

ரெஜினாள் லைன் மாற்றும் விசையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு போனில் கேட்டாள்: "இத்தன வருஷமா எங்கிட்ட என்னதாங்க சொல்லிட்டிருந்தீங்க?"