தொட்டிக்குள் என்ன?

முட்டிவலிக்காக மனைவியை மருத்துவமனைக்கு அழைத்து வந்தவர், ரத்தப் பரிசோதனை அறை வாசலில் இருந்த குப்பைத்தொட்டியை மறுபடியும் எட்டிப் பார்த்தார்.

"மானத்தை வாங்காதீங்க. எல்லாரும் நம்மளையே பாக்கறாங்க!" பல்லைக் கடித்தாள் மனைவி.

நர்ஸே வந்துவிட்டாள். "என்ன சார், ஏதாவது தொலைச்சிட்டீங்களா?"

"இல்லம்மா. உள்ளே அந்த வெள்ளைப் பட்டை..."

"அதுவா? கிட்னி கெடப்போகுதுன்னா முன்னாடியே சொல்லிடும் சார். ஒரு சொட்டு ரத்தம் போதும். போன மாசம்தான் வந்துச்சு. பாத்த கையோட தூக்கிப் போட்டுடுவோம்."

"நிறையப் போடறீங்களோ?"

"தினமும் தொட்டி வழியுது. மாடியில இன்னொரு தொட்டி வேற."

அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. நர்ஸ் ஒன்றும் புரியாமல் நகர்ந்தாள்.

மனைவி அவரை உற்றுப் பார்த்தாள். "ஏங்க, அது நீங்க கண்டுபிடிச்ச பட்டையா?"

"ஆமா. எங்க லேப்ல ஒவ்வொண்ணையும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள பொத்திப் பொத்தி வச்சிருந்தோம். கட்டுரை எழுதினேன், ஷீல்டு கொடுத்தாங்க, நம்ம வீட்டு அலமாரிதான் ரொம்பிச்சு. யாரோ பயன்படுத்தித் தூக்கிப் போட்டு இன்னைக்குத்தான் பாக்கறேன்."

"அதுல தங்கத்துகள் தடவியிருக்குன்னு சொல்வீங்களே?"

"கண்ணுக்கே தெரியாத அளவு."

"என் கழுத்துக்கு வராத தங்கமெல்லாம் இங்கதான் கொட்டிக் கிடக்கா!" என்றவள் எழுந்து, லிப்டுக்குக்கூடக் காத்திராமல் படியேறத் தொடங்கினாள்.

"எங்க போற? டாக்டர் கூப்பிடுவாங்க!"

"கூப்பிடட்டும். வாங்க, மாடித் தொட்டியையும் பாத்துட்டு வந்துடலாம்."