சுத்தியல் பதக்கம்

"அந்தப் பொண்ணு கழுத்துல ஏன் சுத்தியல் தொங்குது? ஆசாரி வீட்டுப் பொண்ணா?" என்று அமிர்தம் கேட்டாள்.

வசந்தா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். இங்கிலீஷ் படத்துக்குக் கதை சொல்ல அமிர்தத்தின் மகள் அனுப்பிவைத்த தோழி அவள்.

"அவங்க வைகிங்னு வடக்குக் கடல் ஜனங்கம்மா. அது அவங்க இடி சாமியோட ஆயுதம், முருகனுக்கு வேல் மாதிரி. இப்ப ஊரே வேதத்துல சேர்ந்து கிறிஸ்தவங்களா மாறுது."

"என் மகனும் வேதக்காரப் பொண்ணைத்தான் கட்டுவேன்னு நிக்கிறான். நான் இன்னும் சரின்னு சொல்லல."

வசந்தா திரையைக் காட்டினாள். அங்கே மணப்பெண் சுத்தியலைக் கழற்றிக் கடலில் எறிந்தாள்.

"புது வாழ்க்கைக்கு வந்துட்டான்னு அர்த்தம்மா." வசந்தா விளக்கினாள்.

"என்ன அர்த்தமோ! பொறந்த வீட்டுச் சாமியை எறிஞ்சுட்டு வர்றவ எப்படி நிம்மதியா இருப்பா?"

படம் விட்டு ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நிற்கையில் அமிர்தம் வசந்தாவின் வெறுங்கழுத்தைப் பார்த்தாள்.

"லூர்து, உன் சிலுவை எங்கம்மா?"

வசந்தா என்று பேர் மாற்றி வந்தவளின் கை, சிலுவையை முடிந்து வைத்திருந்த கைக்குட்டையைத் தேடியது.

"மகன் சட்டைப் பையில உன் போட்டோவைப் பாத்துட்டேன், பின்னால உன் பேரும் இருந்துச்சு. அதுல போட்டிருந்தியே, எடுத்துப் போட்டுக்க. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சதும் அப்படியே நம்ம வீட்டுக்கு வா."

கைக்குட்டை முடிச்சு இறுகிக் கிடந்தது; லூர்து பல்லால் இழுத்துப் பார்த்தாள். அமிர்தமே வாங்கி அவிழ்த்தாள்.