வலப்பக்கம் திரும்பாத கழுத்து

"போன மாசம் தோள்பட்டை வரைக்கும் திரும்பின கழுத்து, இப்ப பாதி வழியிலேயே நின்னுடுதே! என்ன பண்ணீங்க?"

பிசியோதெரபி டாக்டர் கேட்டாள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பஸ் டிரைவர் உதட்டைப் பிதுக்கினார்.

"நான் ஒண்ணும் பண்ணலை டாக்டர். காலைல எழுந்தா வலப்பக்கம் பூட்டு போட்ட மாதிரி இருக்கு."

கழுத்து எலும்புத் தேய்மானம். வந்த புதிதில் தலையைத் திருப்பினாலே மணலை அரைப்பதுபோல நறநறவென்று கேட்டது. தேறி வந்தவர், நடுவில் ஒருமுறை வலி திரும்பி வந்ததும் இடிந்துபோனார். "இனிமே நான் ஸ்டீயரிங்கைத் தொட்ட மாதிரிதான்" என்று கண்கலங்கினார்.

"இது ஏறும், இறங்கும். ஒரு நாள் சறுக்கினா எல்லாம் போச்சுன்னு அர்த்தமில்லை. வலிக்கிற அன்னைக்குக் குறைச்சுப் பண்ணுங்க, ஆனா விட்டுடாதீங்க" என்று டாக்டர்தான் தேற்றினாள். மனுஷரும் விடாமல் செய்தார். கழுத்து மறுபடி வழிக்கு வந்தது.

இப்போது திரும்பவும் சறுக்கல். வாராவாரம் இதே கதை.

"தலையணை மாத்தினீங்களா?"

"நீங்க சொன்ன மெலிசுதான்."

"படுத்துக்கிட்டே போன் பார்க்கறீங்களா?"

"கண்ணாடி இல்லாம எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது. நீங்கதானே டாக்டர் சொன்னீங்க, ஏறும், இறங்கும்னு?"

டாக்டருக்குப் பிடிபடவே இல்லை. தசையில் இறுக்கம் இல்லை. கை வைத்தால் வெண்ணெய் போல இளகுகிறது. திரும்பச் சொன்னால் மட்டும் மரக்கட்டை! இப்படி ஒரு கழுத்தை அவள் பார்த்ததே இல்லை.

அப்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு பஸ், கியர் விழாமல் கர்ரென்று கதறியது.

"கிளட்ச்சை முழுசா மிதி!"

கத்திய டிரைவரின் தலை வெடுக்கென்று வலப்பக்கம் ஜன்னலை நோக்கித் திரும்பியது. தோள்பட்டையையும் தாண்டி!

அவர் மெல்லத் தலையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார்.

"வலிச்சுதா?" என்றாள் டாக்டர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"இல்லை."

"எதுக்கு இந்த நாடகம்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்த பஸ்ஸை ஓட்டறது என் பொண்ணு, டாக்டர். எனக்கு முடியாமப் போனதும் கம்பெனில என் இடத்துல தற்காலிகமா அவளைப் போட்டாங்க. படிச்சிட்டு வேலை கிடைக்காம வீட்டுல சுருண்டு கிடந்த பிள்ளை. இப்பதான் விடிஞ்சதும் தலை சீவிக்கிட்டுக் கிளம்பறா. நான் சரியாயிட்டேன்னு போய் நின்னா, அவளை அனுப்பிடுவாங்க. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டினா நிரந்தரமாயிடும்னு பேசிக்கறாங்க."

"இது அவளுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா விடுவாளா? நீங்களும் சொல்லிடாதீங்க."

டாக்டர் ஒத்தடப் பையை அவர் கழுத்தில் சுற்றி, படுக்கையில் சாயவைத்து, திரையை இழுத்துவிட்டாள்.

கதவைத் தட்டிக்கொண்டு ஓர் இளம்பெண் நுழைந்தாள். டிரைவர் யூனிஃபார்ம். அப்பாவை அழைத்துப்போக வந்திருக்கிறாள். மூடிய திரையைப் பார்த்துவிட்டு டாக்டர் பக்கம் நெருங்கி வந்தாள்.

"அப்பா ஒத்தடத்துல இருக்காரா? நல்லதாப் போச்சு, உங்களைத் தனியா ஒண்ணு கேட்கணும். அவர் கழுத்து எப்பத்தான் டாக்டர் சரியாகும்? நான் படிச்ச படிப்புக்கு ஒரு லேப்ல வேலை கிடைச்சிருக்கு, எப்ப சேர்றேன்னு அவங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. நான் இறங்கிட்டா அப்பாவோட சீட்ல வேற ஆளை உட்கார வெச்சிடுவாங்களேன்னுதான், தினமும் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு அந்த பஸ்ஸோட மல்லுக்கட்டிக்கிட்டிருக்கேன்!"